சாந்தோம் ஏர்வேஸின் ஒரே பயணி

ஜாஸ்பர் விமானத்தின் அடிவயிற்றை நாக்கு நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூக்கிலிருந்து வால் வரை, ஒரே இழுப்பில். நடுவில் ஓரிடத்தில் நாக்கு நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கிறார். "இங்க ஒரு மேடு கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க உட்காருகிறார்.

பிளாஸ்டிக் விமானத்தின் உடம்பு பெட்டியில் இரண்டு பாதிகளாகத்தான் வரும். ஒட்டிய தடம் கொஞ்சம் தெரிந்தாலும் அது பொம்மையாகிவிடும். விரல் ஏமாந்துபோகும், நாக்கு ஏமாறாது என்பது அவருக்குப் பிழைப்பு கற்றுக்கொடுத்தது. லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் பல்செட் செய்கிறார். மயிலாப்பூரில் பாதிப் பேர் தான் செய்த பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறார்கள் என்பது அவரே கிளப்பிவிட்ட செய்தி.

கிளப்பிவிடுவதில் அவருக்குத் தனி ருசி. புதுப் பல்செட் மாட்டிக்கொண்டவரிடம், "ஒரு வாரம் பொய் சொல்லாதீங்க. செட்டு ஆட்டம் குடுத்துடும்" என்பார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. அதை நம்பி ஒரு வாரம் மருமகளிடம் வாயே திறக்காமல் இருந்த மாமனார் ஒருவர் மந்தைவெளியில் இருக்கிறார். சிரிப்பு முட்டினால் ஜாஸ்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். மாலையில் வீடு திரும்பும்போது கண்ணாடி பளபளவென்று இருந்தால், "இன்னிக்கி யாரு மாட்டுனா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் மனைவி ஷெரில் கதவைத் திறப்பாள்.

வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜைதான் தொழிற்சாலை. பால்கனி, பெயின்ட் கூடம். ஷெரிலின் பிளாஸ்டிக் குளியல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் பெயின்ட் அடிப்பார், முடி உதிர்ந்து ஒட்டிவிடக் கூடாதாம். "ஒட்டறதுக்கு மொதல்ல முடி இருக்கணும்" என்பாள் ஷெரில். கடற்காற்றில் தூசி வந்து உட்காராமலிருக்க, அடித்த விமானத்தின் மேல் பிரியாணி அண்டாவைக் கவிழ்த்து வைப்பார். போன ஈஸ்டருக்கு உதவி செய்ய வந்த ஷெரிலின் தங்கை லிசா அண்டாவைத் தூக்கினாள். உள்ளே ஈரம் காயாத போயிங் ஒன்று நின்றிருந்தது. அவள் நிதானமாக, "அக்கா, மட்டன் எங்க?" என்றாள்.

இந்த வருஷம் அவர் கையில் இருந்த விமானத்துக்கு ஒரு கெட்ட நேரம். கம்பெனிப் பெயர், வாலில் போடும் சின்னம், வரிசையாக ஜன்னல்கள் எல்லாம் மெல்லிய ஸ்டிக்கராகப் பெட்டியிலேயே வரும். தண்ணீரில் ஊறவைத்து, உடம்பின் மேல் நழுவவிட வேண்டும். பழைய பெட்டி என்பதால் ஜன்னல்கள் மட்டும் பிழைத்தன. கம்பெனிப் பெயர் தண்ணீர் பட்டதும் பொரிப்பொரியாக உதிர்ந்தது. ஜாஸ்பர் அந்தப் பொரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போய், ஸ்டிக்கர் அச்சடிக்கும் பீர் முஹம்மதுவின் கடையில் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது கையில் புது ஸ்டிக்கர் இருந்தது. உடம்பில் 'சாந்தோம் ஏர்வேஸ்', வாலில் நீலத்தில் துள்ளும் ஒரு வஞ்சிர மீன்.

ஒட்டிய அன்றைக்கே இரண்டாம் மாடி சங்கரன் மாமா இறங்கி வந்தார். அரசாங்கத் தணிக்கை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். பெயின்ட் வாசனை மேலே வருகிறது என்று முறையிட வருவார், காபி குடித்துவிட்டுப் போவார். எந்தப் பேச்சை எடுத்தாலும் "எனக்குத் தெரியாதா" என்று ஆரம்பிக்கிற மனிதர்.

"இது எந்தக் கம்பெனி?" என்றார், கழுத்தை நீட்டி.

"சாந்தோம் ஏர்வேஸ் மாமா. எழுபத்தொம்போதுல மூடிட்டாங்க. பம்பாய், பினாங்குன்னு ஓட்டிக்கினு இருந்தாங்க. ஃப்ளைட்டுல சூடா மீன் கட்லெட் குடுப்பாங்க."

"எனக்குத் தெரியாதா? நான் அதுல போயிருக்கேனே."

ஜாஸ்பரின் கை கண்ணாடியை நோக்கிப் பாதிவழி போய் நின்றது.

"பம்பாய்க்கு ஆடிட் போறச்சே. கட்லெட்டை நகர்த்தி வெச்சுட்டு தயிர்சாதம் கிடைக்குமான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சி சுளிக்காம கொண்டுவந்து குடுத்தா. மாவடுவோட."

சமையலறையில் ஷெரிலின் கரண்டி கீழே விழுந்தது. எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறார் ஜாஸ்பர். தான் விட்ட பொய்யிலேயே ஏறி உட்கார்ந்து, மாவடுவும் வாங்கித் தின்றுவிட்டு இறங்கியவரை அவர் பார்த்ததில்லை.

அதன் பிறகு கம்பெனி தன்னால் வளர்ந்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்களிடம் சங்கரன் மாமா அதன் பெருமையைச் சொன்னார். பணிப்பெண்களுக்குக் கிளிப்பச்சைப் புடவை வந்து சேர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு, தன் சித்தப்பா அங்கே சாமான் ஏற்றுகிற வேலையில் இருந்தது ஞாபகம் வந்தது. இதையெல்லாம் கேட்டு ஜாஸ்பர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சட்டை முனையே நைந்துபோயிற்று.

அசோக் நகரிலிருந்து கீர்த்தி என்ற பெண் போன் செய்த அன்றுதான் துடைப்பது நின்றது. பழைய மெட்ராஸைப் பற்றி வீடியோ எடுத்துப் போடுகிறவள். பூங்காவில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை வந்து விமானத்தையும் அதில் பறந்தவரையும் படம் பிடிக்கலாமா என்று கேட்டாள்.

"நல்லா மாட்டுன" என்றாள் ஷெரில். "மாமாவ கேமரா முன்னாடி உக்கார வெச்சு அவ போட்டுடுவா. நாளைக்கே எவனாவது தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு கம்பெனியே இல்லன்னு எழுதுவான். ஊரே சிரிக்கும். அந்த வயசுல அவரு பார்க்குக்கு எப்படிப் போவாரு? நீதான ஆரம்பிச்ச, நீயே முடி."

ஞாயிறு பூசை முடிந்து ஜாஸ்பர் வீடு திரும்பியபோது சங்கரன் மாமா ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜரிகைக் கரை வேஷ்டி, இஸ்திரி போட்ட சட்டை. கீர்த்தி கேமராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தாள். மேஜை நடுவில் வஞ்சிர வாலோடு விமானம்.

ஜாஸ்பர் உட்காரவில்லை. "கீர்த்திம்மா, அத கொஞ்சம் ஆஃப் பண்ணு. அப்படி ஒரு கம்பெனியே கெடையாது. ஸ்டிக்கர் உதிர்ந்துபோச்சு, நானா ஒரு பேரு போட்டேன். சும்மா வுட்ட ரீலு. மாமா நான் சொன்னத நம்பிட்டாரு, தப்பு என்னுது."

சங்கரன் மாமாவின் காது மடல் சிவந்தது. பிறகு அவர் கீர்த்தியின் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "அவரைத் தப்பா நெனச்சுக்காதே கொழந்தே" என்றார். "மூடிப்போன கம்பெனி. இருந்துதுன்னு சொன்னா மனசு வலிக்கறது. அதான், இல்லவே இல்லேங்கறார்."

கீர்த்தி ஜாஸ்பரை இரக்கத்தோடு பார்த்தாள். "அங்கிள், உங்க ஃபேமிலில யாராச்சும் அதுல வேல பாத்தாங்களா?"

வாழ்க்கையிலேயே முதல்முறையாக முழு உண்மை பேசிய ஜாஸ்பருக்கு, அதை நம்ப ஆளில்லை என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. ஷெரில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஒரு டிக்கெட், ஒரு போட்டோ ஏதாவது இருக்கா சார்?" என்று கீர்த்தி மாமாவிடம் கேட்டாள். "அது இல்லாம நான் போட முடியாது."

"எல்லாம் பத்திரமா வெச்சிருந்தேன். அந்தப் பெரிய வெள்ளத்துல போயிடுத்து."

"நீங்க ரெண்டாவது மாடிதான சார்?"

"அப்படி ஒரு மழை" என்றார் சங்கரன் மாமா.

ஆதாரம் கிடைத்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஷெரில் கொடுத்த கட்லெட்டை மட்டும் படமெடுத்துக்கொண்டு கீர்த்தி கிளம்பினாள். சங்கரன் மாமா காபியைத் தொடாமல் மாடிக்குப் போனார். அவர் காபியை மிச்சம் வைத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் மாடிப்படியில் சூடாமணி மாமி ஜாஸ்பரை நிறுத்தினார். சங்கரன் மாமாவின் மனைவி, அதிகம் பேசாதவர்.

"எங்காத்து மாமா இதுவரைக்கும் பிளேன்ல காலே வெச்சதில்லை, தெரியுமோ? ஆடிட்டுக்கெல்லாம் ரயில்லதான் போவார். பொண்ணு ஸ்ரீரஞ்சனி சிங்கப்பூர்ல இருக்கா. ஆசையா டிக்கெட் அனுப்புவா. கெளம்பற அன்னிக்குப் பாத்து இவருக்கு ஜுரம் வந்துடும். நடிப்புன்னுதான் நெனச்சேன், தர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா நெஜமாவே கொதிக்கறது. நான் மட்டும் போய்ட்டு வருவேன். பேத்தியைக் கம்ப்யூட்டர்ல பாத்துண்டு உக்காந்திருப்பார்."

மாமி ஒரு படி ஏறிவிட்டுத் திரும்பினார்.

"உங்க பிளேன் ஒண்ணுலதான் அவர் தைரியமா ஏறினார்" என்றார் மாமி. "அதைப்போய் இல்லேன்னு சொல்லிட்டேளே."

இரண்டு நாள் மாடியிலிருந்து யாரும் வரவில்லை. பெயின்ட் வாசனையைப் பற்றிப் புகாரும் இல்லை. ஜாஸ்பர் வேண்டுமென்றே பால்கனிக் கதவை அகலத் திறந்துவைத்து, பெயின்டில் தேவைக்கு மேலேயே தின்னரைக் கலக்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் செருப்புச் சத்தம் கேட்டது.

"மூக்கைப் பொத்திண்டு தூங்க வேண்டியிருக்கு" என்றபடி சங்கரன் மாமா உள்ளே வந்து, தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். ஷெரில் சொல்லாமலே பாலை அடுப்பில் வைத்தாள்.

விமானம் கடைசிப் பூச்சுக்குத் தயாராக இருந்தது. அதன் மேல் பளபளப்பு அடித்துவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. ஜாஸ்பர் அதை எடுத்து, மாமாவின் பக்கம் ஜன்னல்கள் தெரியும்படி பிடித்தார்.

"மாமா, அன்னிக்கி பம்பாய் போனப்ப நீங்க எந்த சீட்டு?"

கேலியா என்று பார்ப்பதுபோல் சங்கரன் மாமா அவர் முகத்தைப் பார்த்தார். ஜாஸ்பரின் கைகள் இரண்டும் விமானத்திலேயே இருந்தன. மாமா குனிந்து, றெக்கைக்கு நேர் மேலே ஒரு ஜன்னலில் நகத்தை வைத்தார்.

"இங்கே" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆனா வெளில பாக்கலை."

ஜாஸ்பர் தலையசைத்தார். வெள்ளையில் ஒரு பொட்டு சாம்பல் நிறத்தைக் குழைத்தார். இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் திரையை இறக்கிவிட்டார்.