ராயபுரம் ரேசிங் டீம்

விளக்கெண்ணெய் கருகும் வாசம் எங்கிருந்தாவது வந்தால் எனக்கு மருந்து நினைவுக்கு வராது. அப்பாவின் கார்தான் வரும். ரேஸ் இஞ்சின்களுக்கு அந்நாளில் அதைத்தான் ஊற்றினார்கள். அறுபதுகளில், திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் பின்கொட்டகையில், பழைய கார் ஒன்றின் கூரையை அறுத்தெடுத்து, அப்பாவும் மெஷின் பிட்டர் ஆரோக்கியமும் அதைக் கட்டினார்கள். பனியன் மூட்டைகளில் முகவரி எழுதும் தகர அச்சை வைத்து, அதே கறுப்பு மையால், "ராயபுரம் ரேசிங் டீம்" என்று அப்பா அதன் பக்கவாட்டில் எழுதினார். டீம் என்பது அவர்கள் இருவரும், ஸ்டாப்வாட்சைப் பிடிக்கும் மகளான நானும்தான்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்தில் அப்பா இரண்டு வருடம் ஓட்டியும் கார் கடைசிக் கோட்டைத் தாண்டவில்லை. மூன்றாம் முறை கிளம்பும்போது அம்மா நிபந்தனை வைத்தாள்.

"ஏனுங்க, இந்தத் தடவையும் கோடு தாண்டலீன்னா, இஞ்சினக் கழட்டி மடத்துக்குளத்துல எங்கண்ணன் கெணத்துக்குக் குடுத்துரோணும். அங்க கரும்பு காயுது."

"குடுத்தறலாம் புள்ள," என்றார் அப்பா, அப்படி நேராது என்ற தெம்பில்.

பெட்ரோலை அவர் எங்கள் மெஷினில் ஓடிய புதுப் பனியன் துணியை நான்காக மடித்துத்தான் வடிகட்டுவார். "கம்பி வலை வாங்கிக்கலாமுங்க மொதலாளி," என்று ஆரோக்கியம் சொல்லிப் பார்த்தார்.

"நம்ம துணிய நாமளே நம்பலீன்னா வேற யாரு நம்புவாங்க, ஆரோக்கியம்?"

கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த கார், வெயிலில் அலையடித்த அந்த ஓடுதளத்தில், தண்ணீருக்குள் மிதந்து வருவதுபோல மெல்ல மெல்ல வந்து, கோட்டுக்குச் சற்றுமுன் நின்றுவிட்டது. ஆரோக்கியம் கார்புரேட்டரைக் கழற்றி, அடைத்திருந்ததை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார்: எள்ளளவு வெள்ளைப் பஞ்சு.

அப்பா அதைத் தன் விரலில் வாங்கிப் பார்த்தார். "நம்மூட்டுச் சரக்குதான்," என்றார்.

திரும்பும் ரயிலில், கூட வந்திருந்த அம்மாவே, "இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க. கரும்புக்கு அண்ணன் வேற வழி பாத்துக்கும்," என்றாள்.

"சொன்னது சொன்னதுதான் புள்ள."

மடத்துக்குளத்தில் இஞ்சினைப் பம்பில் பூட்டி ஆரோக்கியம் கிளப்பியதும், அப்பா என் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை வாங்கி ஓடவிட்டு, வாய்க்கால் ஓரமாகத் தண்ணீரோடு கூடவே நடந்தார். கடைசிப் பாத்திக்குள் தண்ணீர் நுழைந்த கணத்தில் அதை அழுத்தி நிறுத்தினார்.

"தாண்டிருச்சுங்க மச்சான்."

"என்னதுங்க மாப்ள?" என்று மாமா கேட்டார். அப்பா ஸ்டாப்வாட்சை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் கிணறு இப்போது தூர்ந்துவிட்டது. கரும்புக்காடு இருந்த இடத்தில் பனியன் கம்பெனி ஒன்றின் குடோன் நிற்கிறது. ஸ்டாப்வாட்ச் என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் முள் இன்னும் ஓடுகிறது. சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, நிறுத்தாமலே கீழே வைத்துவிடுவேன்.