நெஞ்சைப் பிடிக்கத் தெரியாத அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்து, “எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கும்மா, போட்டோ அனுப்பியிருக்கேன்” என்றாள். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, “பய நல்லாத்தான் இருக்கான், விசாரிப்போம் மக்கா” என்று தோசைக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான்! எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர் நெஞ்சையாவது பிடிக்க வேண்டாமா?

நெஞ்சைப் பிடிப்பதென்றால் என் அப்பாதான். நாகர்கோவில் பக்கம் கொட்டாரம் என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்றால் உயிர். அந்தக் காலத்துக் கதைகள் உங்களுக்குத் தெரியுமே: பணக்கார அப்பா, செல்ல மகள், ஏழை வாத்தியார். மகள் காதலைச் சொன்னதும் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வார், ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். என் அப்பா கல்லாவில் இருந்தபடியே அந்த மனிதரை ஏசுவார். “மகளுக்க மனசு தெரியாத சவம்! இவனெல்லாம் ஒரு அப்பனாடே?” ஏசுகிற மும்முரத்தில் கை எதையோ நிறுத்துப் போட்டுவிடும். “அண்ணாச்சி, நான் சீனியாக்கும் கேட்டது. இது உப்புல்லா!”

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த தைரியத்தில்தான், நாகர்கோவிலில் என்னோடு வேலை பார்த்த ஆரல்வாய்மொழிக்காரரைப் பற்றி ஒருநாள் சொல்லிவிட்டேன். அவரில்லாமல் எனக்கு வாழ்வில்லை என்று அப்போது நம்பினேன். (இப்போது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.) அப்பா பத்திரிகையைக் கீழே வைத்தார். நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். நெஞ்சைப் பிடித்தார். வலது பக்கம்.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “நெஞ்சுவலி எடது பக்கம் இல்லா வரும்?” என்றாள். அப்பா கையை மாற்றினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏட்டி, அப்பன் சாகக் கெடக்கேன், சிரிக்கியா?”

“கதையில உள்ள அப்பன மட்டும் அந்த ஏச்சு ஏசுனீங்களே?”

“அது கதையாக்கும்! அவனுக்க மக போனா எனக்கென்ன? நீ போனா...” முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் சிரிப்பும் போய்விட்டது.

ஒரு வாரம் அப்பா பத்திரிகையைத் தொடவில்லை. பிறகு யாரிடமும் சொல்லாமல் ஆரல்வாய்மொழிக்கு பஸ் ஏறிப் போய் வந்தார். “அங்க காத்து கூடுதல். கனத்த போர்வையா கொண்டு போணும்” என்றார். அதுதான் சம்மதம் என்று அம்மா விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது.

கல்யாணத்துக்கு அப்பா வசனத்தோடு தயாராக வந்திருந்தார். ‘என் மகளைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததை நானே கேட்டேன். என் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது எல்லாம் மறந்துவிட்டது. “மருமவனே, இவளுக்கு இடின்னா பயம். பயம்னு சொல்ல மாட்டா, சும்மா சிடுசிடுன்னு விழுவா. நீங்க ஏசிப்புடாதீங்க” என்று சொல்லிவிட்டு, பந்தலே பார்க்க விம்மி அழுதார்.

அப்பா போய் வருடங்களாயிற்று. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கதையில் வருகிறவர்களோடு சண்டை போட இப்போது யாருக்கும் நேரமில்லை.

நேற்று சாயங்காலம் நல்ல இடி. காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

“ஒனக்கு இப்பம் என்னத்துக்கு இந்தக் கோவம்?” என்றார் என் வீட்டுக்காரர்.