எண்ணெய் காயாத கடை

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பின்தெருவில் யோம் சுனோக்கைத் தெரியாதவர்கள் குறைவு. பத்து வருடம் 'சிவப்புக் கொண்டை' என்ற பொரித்த கோழி நிறுவனத்தின் கிளைக்கடையை நடத்தியவள். எண்ணெயின் சத்தத்தை வைத்தே கோழியின் பதம் சொல்வாள். பதினோராம் வருடத்துக்கு ஒப்பந்தம் நீள வேண்டுமானால் கடையின் சுவர், மேசை, விளக்கு எல்லாவற்றையும் அவள் செலவில் மாற்ற வேண்டும் என்றது தலைமையகம். மூன்று வருடத்துக்கு முன்புதான் மாற்றியிருந்தாள். முடியாது என்று சொல்லிவிட்டுப் பெயர்ப்பலகையையும் மீதமிருந்த மசாலா டப்பாக்களையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

அதோடு முடியவில்லை. ஒப்பந்தத்தில் இருபத்தேழாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஓராண்டுக்கு, பழைய கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், அவள் பொரித்த கோழி வியாபாரம் செய்யக் கூடாது. மீறினால் மூன்று கோடி வோன் அபராதம்; ஓராண்டுத் தடையும் மீறிய நாளிலிருந்து மறுபடி தொடங்கும்.

சுனோக் அந்தப் பக்கத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். அந்த ஓராண்டு முழுக்கத் துறைமுகத்து உணவகம் ஒன்றில் நண்டு கழுவினாள். வீட்டில் சொந்தமாக ஒரு மசாலாவைக் கலந்து கலந்து பார்த்தாள். தடை முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அதே தெருவில் குக் என்பவரின் சலவைக் கடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

தடை முடிவது பதினெட்டாம் தேதி. ஆனால் பேய்கள் எந்தத் திசையிலும் நடமாடாத நல்ல நாள் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. அன்று கெட்டது அண்டாமலிருக்க வாசலில் காய்ந்த பொல்லாக் மீனை நூல் சுற்றிக் கட்டி, அக்கம்பக்கத்துக்குச் சூடான அரிசிப் பலகாரம் கொடுத்தாள். கடை வைக்கும் எவரும் செய்வதுதான்.

குக் மட்டும் இழுத்தார். "அக்கா, ஆறு நாள் பொறுக்கக் கூடாதா?"

"மீனைத்தானே கட்டுறேன், கோழியையா பொரிக்கிறேன்? நீங்க சாப்பிடுங்க."

கூட்டத்தில் 'சிவப்புக் கொண்டை'யின் வட்டார மேற்பார்வையாளர் பியோனும் நின்றான். வாழ்த்துச் சொன்னான், பலகாரம் வாங்கிக்கொண்டான், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. தடைக்காலத்துக்குள்ளேயே கடை திறந்துவிட்டாளாம். அபராதம் கட்ட வேண்டும், இன்னும் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும். வாடகை இடமும் சேமிப்பும் ஓராண்டு தாங்காது. சுனோக் எரிவாயு இணைப்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சமரச மன்றத்துக்கு மனுப் போட்டாள். கடை பூட்டியே கிடந்தது.

ஏழு வாரம் கழித்து சியோலுக்குப் பேருந்து ஏறினாள். நீள மேசையின் எதிர்ப்பக்கம் பியோன். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட சமரச அதிகாரி அம்மாள். பியோன் படத்தைத் திரையில் போட்டான். வாசலில் மீன், மேலே பெயர்ப்பலகை, முன்னால் கூட்டம்.

"இது திறப்பு விழா இல்லைன்னா வேற என்னங்க?"

"வந்தவங்க என்ன வாங்கினாங்க?" என்றார் அதிகாரி.

"வாங்கலைங்க. பலகாரம் சும்மா கொடுத்தாங்க."

"நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு துண்டு."

"மூணு," என்றாள் சுனோக்.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அந்தப் படத்தையே கொஞ்சம் பெருசாக்குங்க தம்பி," என்றாள் சுனோக். "கண்ணாடிக்கு உள்ளே, பின்சுவர்."

பெரிதாக்கினான். வெறும் சுவர். எரிவாயுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் மஞ்சள் மூடி. பொரிப்பான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வாளியும் துடைப்பமும்.

"அடுப்பு இல்லாமலே கோழி பொரிக்கிற வித்தை உங்க தலைமையகத்துல இருக்கா? பத்து வருஷம் உங்களோட இருந்தேன், எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரலையே."

பியோன் திரையைப் பார்த்தான். தான் எடுத்த படத்தை அவன் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை.

அதிகாரி இருபத்தேழாவது பிரிவை வாய்விட்டுப் படித்தார். "வியாபாரம் செய்யக் கூடாதுன்னு இருக்கு. இடம் பிடிக்கக் கூடாது, சுவருக்கு வண்ணம் அடிக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை. தயாராகிறது வேற, வியாபாரம் வேற. தடையும் பதினெட்டாம் தேதியே முடிஞ்சுபோச்சு. கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லுங்க."

பியோன் வெளியே போய்த் தலைமையகத்தோடு பேசிவிட்டு வந்தான். முகம் சிவந்திருந்தது. உட்காராமலே கையெழுத்துப் போட்டான்.

தாழ்வாரத்திலிருந்தே சுனோக் எரிவாயுக்காரரைக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில வந்துடுங்க."

"நாளைக்கு நாள் சரியில்லையே அக்கா."

"பேய்ங்க கணக்குல எப்பவோ கடை திறந்தாச்சு. மனுஷங்களுக்குத்தான் இன்னும் பாக்கி."

மறுநாள் மாலை நான்கு மணிக்கு எண்ணெய் காய்ந்தது. வரிசை சலவைக் கடையையும் தாண்டி நின்றது. முதல் ஆளாகத் தட்டை நீட்டியவர் குக். சுனோக் நிமிர்ந்து பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதம் வந்ததும் கரண்டியைத் தூக்கினாள்.