மாப்பிள்ளை நட்ட முளை

கடலை ஆராய்கிறவரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் என்ன மிஞ்சும்? மணல்தான் மிஞ்சும். சிதம்பரம் மேல வீதியில் நாங்கள் குடியிருந்தபோது அரிசி மாவு சலிக்க என்னிடம் ஒரு நல்ல சல்லடை இருந்தது. என் வீட்டுக்காரர் கல்லூரியில் பாடம் நடத்திய நேரம் போக, அந்தச் சல்லடையில் கடலூர் மணலைச் சலித்து, பருமணல் ஒரு பக்கம், பொடிமணல் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பார். மாடியில் வடாம் காயவேண்டிய இடத்தில் மணல் காயும். கேட்டால், "கடல் எந்த மணல எடுத்துக்கிட்டுப் போவுது, எத விட்டுட்டுப் போவுதுன்னு பாக்கறேன்" என்பார். "என் சல்லடை எங்க போச்சுன்னு மொதல்ல பாருங்க" என்பேன். காதிலேயே விழாது.

கடலூரில் கடற்கரையை ஒட்டி என் அண்ணனுக்கு ஒரு மனை இருந்தது. அதில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்று பல வருஷமாக ஆசைப்பட்டார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புதான் கையிலிருந்த ஒரே சொத்து. அதை விற்றால்தான் வீடு.

"மாப்ள, கடல் மனை வரைக்கும் வருமா, வராதா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ஆரம்பிச்சிடறேன்" என்று இவரைக் கேட்டார்.

வேறு யாராவது என்றால் ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைத்திருப்பார்கள். இவரா சொல்வார்! "அளந்து பாக்காம சொல்லக் கூடாது மச்சான். ஒரு வருஷம் போவட்டும்" என்றார்.

மனைக்கு முன்னால் மணலில் ஒரு மரமுளையை அடித்தார். மாதாமாதம் ரயிலேறிப் போய், முளையிலிருந்து அலை ஏறி நின்ற ஈரக்கோடு வரை டேப் பிடித்து அளப்பார். தூரம் குறைந்தால் கடல் கரையைத் தின்கிறது என்று அர்த்தம். யுத்த காலம் வேறு. சர்வே கருவியை நிறுத்திக் குறிபார்த்தால் உளவாளியா என்று போலீஸ்காரர் வந்து நிற்பார். அதனால் டேப்போடு சரி. குனிந்த தலை நிமிராமல் அளந்துவிட்டு வந்துவிடுவார்.

வருஷம் முடிந்தது. தூரம் குறையவே இல்லை. "கரை அசையல மச்சான். தாராளமா கட்டுங்க" என்றார். அண்ணன் தோப்பை விற்றார்.

நிலை வைக்கிற அன்று போயிருந்தோம். வாசக்காலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே நவதானிய முடிச்சும் கட்டியாயிற்று. கிண்ணத்தில் மீந்த மஞ்சளோடு அண்ணி மணலில் இறங்கிப் போய், இவர் அடித்த முளைக்கும் பூசினார்.

"அதுக்கு எதுக்கு அண்ணி?" என்றேன்.

"அதாலதான வூடே வந்துது? உங்க அண்ணன் அத எப்பிடிக் காப்பாத்தினாரு தெரியுமா? தண்ணி கிட்ட வர்றப்பல்லாம் புடுங்கியாந்து மேட்டுல நட்டுடுவாரு."

இவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் மச்சான் இப்பிடிப் பண்ணீங்க?"

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்ள நட்ட முளை கடல்ல போனா மச்சானுக்குத்தான அசிங்கம்? உங்க கணக்கு கெடக் கூடாதுன்னு கயிறு போட்டு அதே தூரத்துல நட்டேன். ஒரு அடி கொறையாது."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்தால் அவர் செருப்பைக்கூட மழையில் நனைய விடமாட்டார்கள். அந்த மரியாதையைக் கடற்கரை வரைக்குமா கொண்டுபோவது? தலையில் அடித்துக்கொண்டேன். "ஏண்ணே, அவர ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று அண்ணனிடம் கத்தினேன். "பக்கத்துல தென்னமரம் நிக்குதே, முளை அதுங்கிட்டப் போனது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று இவரிடம் கத்தினேன்.

இவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "இதோட நிறுத்திடுங்க மச்சான்."

"நெலை வெச்ச வூட்ட பாதியில நிறுத்தினா குடும்பத்துக்கு ஆவாது மாப்ள. தோப்பும் போச்சி. இனிமே நாங்க எங்க போறது?"

கட்டியே முடித்தார். குடியும் போனார்கள்.

பிறகு ஒரு ஐப்பசிப் புயலில் கடல் உள்ளே வந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டுக்கும் சாமி காப்பாற்றியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்சுவர் விழுந்து வாசக்கால் மட்டும் நின்றது. அண்ணி மணலைக் கிளறிப் பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவர் கை தோளில் தொங்கிய பைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. உள்ளே டேப் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த நேரத்திலுமா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அண்ணனும் அதைப் பார்த்துவிட்டார். பையிலிருந்து டேப்பை அவரே எடுத்தார். ஒரு முனையை இவரிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை வாசக்காலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அளந்துக்குங்க மாப்ள," என்றார். "இத நான் நவுத்தல."