பாறையில் ஏறிய கீழ்லயம்

பெருவெள்ளம் வந்த வருஷம் ஆடி மாதத்தில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை இடிந்து கீழ்லயத்தின் மேல் விழுந்தது. வரிசையாகக் குடும்பங்கள் குடியிருந்த அந்த நீளக் கட்டிடத்திலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. மேல்லயத்தில் இருந்த முத்துப்பேச்சி பிழைத்தாள். அவள் தங்கை மூக்கம்மாள் மண்ணுக்குள் போனாள்.

தோண்டிப் பார்த்தார்கள். மண் மேலும் சரியவே விட்டுவிட்டார்கள். மழைக்காலம் போனதும் அந்த மண்மேட்டிலேயே தேயிலைக் கன்று வைக்கச் சொல்லித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார். தங்கை கிடந்த மண்ணில் முத்துப்பேச்சியும் குனிந்து கன்று நட்டாள். நட்டு முடித்த கையோடு கங்காணி சங்கையாவிடம் போனாள்.

"ஐயா, அவுக கெடக்க எடத்துல ஒரு கல்லாவது ஊனணும்."

"தொரை ஒத்துக்கிட மாட்டாரு தாயி. செடிக்கு நடுவுல கல்லறை இருந்தா ஆளுக கொழுந்தெடுக்கப் பயப்படும்னு சொல்லிட்டாரு."

"அப்பம் செடி இல்லாத எடத்துல?"

சங்கையா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் கேக்கல தாயி" என்று நடந்துவிட்டார். முத்துப்பேச்சிக்கு அது போதும்.

சரிவுக்கு மேலே, மண் வழிந்து போன இடத்தில் ஒரு பெரிய பாறை மொட்டையாக நின்றது. பள்ளத்தாக்கின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஏறினாள். முதுகில் கூடை தொங்க நிற்கும் ஒரு பெண்ணை, ஆள் உயரத்துக்குக் கோடாக இழுத்தாள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மறுநாள் நிமிர்ந்து பார்த்தார்கள். "மூக்கம்மா நிக்கா!" என்று ஒருத்தி கத்தினாள்.

கோடை மழை ஒன்று பெய்தது. மூக்கம்மாள் வழிந்து போய்விட்டாள்.

முத்துப்பேச்சியின் புருஷன் நல்லமுத்து, தோட்டத்து ரோட்டுக்குக் கல் உடைப்பவன். அவனிடம் உளி கேட்டாள்.

"ஏளா, ஒனக்கு என்ன கிறுக்கா? பாறையில ஆள் செதுக்க நீ என்ன சிற்பியா?"

"சிற்பி வேண்டாம். ஆழமா ஒரு கோடு விழுந்தாப் போதும். தாங்க."

அவன் தரவில்லை. அவன் தேய்ந்துபோனதென்று எறிந்த உளியை அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தாள். மூக்கம்மாள் மறுபடி நின்றபோது, பக்கத்து வீட்டு இருதயம்மாள் மேலே ஏறி வந்தாள். அவள் அண்ணன் இன்னாசிராஜும் கீழ்லயத்தோடு போனவன்.

"எங்க அண்ணனையும் வையி அக்கா. கழுத்துல தப்பு மேளத்தோட வையி. அது இல்லாம அவனை ஆருக்கும் தெரியாது."

அதற்குப்பின் ஞாயிறுதோறும் யாராவது வந்தார்கள். கால் விந்தி நடக்கும் மாமனார், இடுப்பில் பிள்ளையோடு நாத்தனார் என்று அடையாளம் சொன்னார்கள். முகம் செதுக்க முத்துப்பேச்சிக்கு வராது. நிற்கும் வாகில்தான் ஆளைக் காட்டினாள்.

"தொரைக்குத் தெரிஞ்சுபோச்சு. வேலைக் கணக்குல ஒம் பேரை வெட்டிருவாரு" என்றார் சங்கையா.

"வெட்டட்டும் ஐயா. இன்னும் ஆளுக மிச்சம் இருக்கு."

துரை வேறு வழி கண்டார். ரோட்டுக்கு அந்தப் பாறையையே உடைக்கச் சொன்னார். நல்லமுத்துவும் கூட்டாளிகளும் சம்மட்டியோடு ஏறினார்கள்; துரையும் கூட வந்தார். அதுவரை அவன் கீழிருந்துதான் பார்த்திருந்தான். இப்போது மைத்துனி மூக்கம்மாள் அவன் தோள் உயரத்தில் எதிரே நின்றாள். அவன் சம்மட்டியைக் கீழே வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள்.

"ஆத்தோரம் நல்ல கல்லு கெடக்கு தொரை. அதை ஒடைக்கோம். இதுல கை வைக்க மாட்டோம்" என்றான் நல்லமுத்து.

மழைக்கு முன் ரோடு முடிந்தாக வேண்டும். துரை முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். ஆனால் முத்துப்பேச்சியின் பெயரை வெட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்து மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். ஞாயிறு வந்தால் அவள் மலை தாண்டி வந்தாள். இப்போது உளியைத் தீட்டிக் கொடுப்பவன் நல்லமுத்து.

எல்லாரும் ஆயிற்று என்று நினைத்தபோது இருதயம்மாள் சொன்னாள்: "அன்னிக்கு மழைக்கு ஒதுங்கி ஒரு வளையல்காரன் கீழ்லயத்துல படுத்திருந்தான். மலைக்குக் கீழ கம்பம் ஊர்க்காரனாம். பேரு தெரியல."

"அவன் வீட்டுல இன்னும் வழி பாத்துக்கிட்டிருப்பாகளே!" என்றாள் முத்துப்பேச்சி. பாறையின் அடியில், கம்பத்து வியாபாரிகள் நடக்கும் பாதையை ஒட்டி, தோளில் மூட்டையோடு அவனைச் செதுக்கினாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த பங்குனியில் கம்பத்திலிருந்து ஒருத்தி கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். உருவத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கையால் தடவிப் பார்த்தாள்.

"அவரு மூட்டையைத் தோள்ல போட மாட்டாரும்மா. தலையிலதான் வைப்பாரு."

"அப்படியா? சும்மாட்டோடயா, வெறுந்தலையிலயா?"

"செவப்புத் துண்டைச் சுருட்டி வைப்பாரு."

முத்துப்பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் தலைக்கு மேலே உளியை வைத்தாள். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, மூட்டை எவ்வளவு உயரம் என்று கையால் காட்டினாள்.