நெய்த்தேங்காய் கை நழுவிய காலை

அன்று எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்தவர்கள் ஏழு பேர். வருஷா வருஷம் சபரிமலைக்கு ஆள் கூட்டிப் போகும் குருசாமி. அவர் ரிட்டையரான பஸ் டிரைவர். லாரி ஓட்டுகிற ஒரு சாமி. செல்போன் கடை வைத்திருக்கிற ஒரு சாமி. என் அண்ணன். அண்ணி. வாசலில் பூ கட்டி விற்கும் அம்மா. ஏழாவது ஆள் நான். மற்ற சாமிகள் பதினொரு மணிக்கு வேனில் வருவதாக ஏற்பாடு. பிறகு போலீஸ்காரர் கேட்டபோது பயத்தில் இந்தக் கணக்கை மூன்று விதமாகச் சொன்னேன். இதுதான் சரியானது.

நான் எட்டாவதோடு நின்றவன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகப் பஞ்சர் கடை. சின்ன வயசிலிருந்தே எனக்குப் பயம் ஜாஸ்தி. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் போன் போட்டு எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்பேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் புரட்டாசியில் கொரோனா வந்து மூச்சு திணறியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அண்ணனுக்கும் வந்தது. அவனுக்கு நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அவன் பரோட்டா மாஸ்டர். ஐந்தாம் நாளே எழுந்து, ஓட்டல் முதலாளியிடம் பதினெட்டாயிரம் முன்பணம் வாங்கி வந்து என் ஆஸ்பத்திரிக்குக் கட்டினான்.

அதோடு நிற்கவில்லை. அவனுக்குக் குடிப்பழக்கம் உண்டு. "தம்பி பொழைச்சு வந்துட்டா குடியை விட்டுட்டு மாலை போடறேன்" என்று வேண்டிக்கொண்டான். நான் பிழைத்தேன். கார்த்திகை ஒன்றாம் தேதி இரண்டு பேரும் மாலை போட்டோம். அவன் பேரைச் சேர்க்கக் குருசாமி யோசித்தார். "இவன் வாயில சொட்டு பட்டாலும் நீதான் பொறுப்பு" என்றார். நான் ஜாமீன் நின்றேன்.

ஜாமீன் நின்றவனுக்குத் தூக்கம் ஏது? அவன் ஓட்டலிலிருந்து வரும்போதெல்லாம் கண்ணைப் பார்ப்பேன், நடையைப் பார்ப்பேன். வாயைத்தான் மோந்து பார்க்க முடியாது. கொரோனாவில் போன வாசனை எனக்குத் திரும்பி வரவில்லை. கற்பூரமும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நோய் இன்னும் போகவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்களோ என்று பயம்.

மார்கழியில் புறப்படும் நாள் வந்தது. இருமுடி கட்டும்போது தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீரை இறக்கிவிட்டு, நெய்யை நிரப்பி அடைப்பார்கள். அண்ணன் முறை வந்தபோது மணி பத்து இருக்கும். நெய் நிரம்பிய தேங்காய் அவனுடைய வலது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. நெய் குருசாமியின் கால்வரைக்கும் ஓடியது.

"இன்னா சாமி இது?" என்றார் குருசாமி.

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். சரணம் சொல்ல வாயைத் திறந்தான். கொழகொழவென்று ஏதோ வந்தது. எழுந்தான். வலது கால் பின்னிக்கொண்டது. அரிசி வைத்திருந்த தாம்பாளத்தின் மேல் மிதித்தான்.

லாரி டிரைவர் சாமி கத்தினார். "சாமி காலையிலயே ஊத்திக்கினு வந்துகிறாரு பாரு!"

"இல்லைங்க! அவரு குடிக்கலைங்க!" அண்ணி ஓடி வந்தாள். "எட்டு மணிலேர்ந்து கை மரத்துப்போச்சுனு சொல்லிக்கினு இருக்காரு."

"குடிச்சவன் எவன்மா குடிச்சேன்னு சொல்லுவான்?" என்ற குருசாமி என் பக்கம் திரும்பினார். "நீதானே ஜாமீன். மோந்து பாரு."

மற்ற யாரும் கிட்டே வரவில்லை. அந்தக் கொரோனா சமயத்தில் அடுத்தவர் மூச்சுக்குப் பக்கத்தில் போக எல்லோருக்குமே பயம். சாம்பிராணிப் புகை வேறு. நான் அண்ணன் முகத்துக்கு நேரே மூக்கைக் கொண்டுபோனேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். எச்சில்தான் வழிந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் தண்ணீரை மோந்தது மாதிரி இருந்தது. இல்லை என்று சொன்னால் அண்ணனை மறைக்கிறேன் என்பார்கள். மூக்கு வேலை செய்யவில்லை என்றால், இத்தனை நாள் எந்த மூக்கை வைத்து ஜாமீன் நின்றாய் என்பார்கள். அதைவிட, மாலை போட்ட நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது நடந்தேவிட்டது என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது.

"அடிக்குது சாமி" என்றேன்.

செல்போன் கடை சாமி கையை ஓங்கினார். குருசாமி தடுத்தார். "இருய்யா. மாலையோட அடிக்கக் கூடாது. முதல்ல மாலையைக் கழட்டு."

நான்தான் கழற்றினேன். துளசி மணி அவன் காதில் மாட்டிக்கொண்டது, இழுத்தேன். மாலை என் கைக்கு வந்ததும் லாரி டிரைவர் சாமி அவன் கன்னத்தில் விட்ட அறையில் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. செல்போன் கடை சாமி முதுகில் மிதித்தார். அண்ணன் தடுக்க இடது கையை மட்டும் தூக்கினான். வலது கை தொங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. "எனக்காக வேண்டிக்கினு எனக்கே துரோகம் பண்றியா?" என்று கத்தி, அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினேன். என் பலம் எனக்குத் தெரியும். லாரி டயரை ஒற்றை ஆளாகப் புரட்டுகிற கை இது. அவன் பின்னால் போய் விழுந்தான். தேங்காய் உடைக்கிற கல்லில் பின்மண்டை மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதும் லாரி டிரைவர் சாமி காலை ஓங்கினார். பூக்கார அம்மா கூடையை அவர் மேல் விட்டெறிந்தாள்.

"அடப்பாவிங்களா! வாய் கோணிக்கினு போவுது பாருங்கடா! எங்கூட்டுக்காரருக்கு இப்படித்தான் வந்துச்சு. இது போதை இல்லடா, வாதம்டா!"

அண்ணி அவன் தலையை மடியில் வைத்தாள். சேலை முழுக்க ரத்தம். குருசாமி இரண்டடி பின்னால் நகர்ந்து, "வேன் வர்ற நேரம்" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மாலை என் சட்டைப் பையில் இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா வந்து, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டார். அண்ணி எட்டு மணி என்றாள்.

"இன்னும் நேரம் இருக்கு. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. சமீபத்துல ஏதாவது காய்ச்சல் வந்துச்சா?"

"மூணு மாசம் முன்னாடி கொரோனாங்க. அவருக்குக் கம்மியாத்தான் வந்துச்சு."

"கம்மியா வந்தவங்களுக்கும் ஆகலாம். காய்ச்சல் போனதும் முடிஞ்சிடுச்சுனு நினைக்கிறாங்க. கொஞ்ச மாசத்துக்கு ரத்தம் உறையுற ஆபத்து ஜாஸ்தியா இருக்கும். சிலருக்கு நெஞ்சுல காட்டும், சிலருக்கு இப்படி மூளையில. இவருக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கை மரத்தப்பவே கொண்டாந்திருக்கணும்." பிறகு தலையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "இந்தக் காயம்? தானா விழுந்தாரா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். விழுந்தான் என்று சொல்லத்தான் வாய் வந்தது. போலீஸ், கேஸ், ஜெயில் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன. டாக்டரம்மாவே தொடர்ந்தார். "மண்டையில பலமா அடிபட்டிருந்தா அந்த ஊசி போடக் கூடாது. உள்ளே ரத்தம் கசிஞ்சு உயிரே போயிடும். உண்மையைச் சொல்லுங்க."

"நான்தாங்க தள்ளினேன். கல்லுல மண்டை மோதுச்சு. பலமா மோதுச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரு அடிச்சாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. தட்டில் எடுத்து வைத்திருந்த ஊசியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு நர்ஸ் அந்தத் தட்டோடு போனதை இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கையும் பேச்சும் வரவில்லை.

சாயங்காலம் போலீஸ்காரர் எழுத வந்தார். நான் உளறிக்கொண்டிருந்தபோது அண்ணி குறுக்கே வந்து, "தானா விழுந்தாருங்க" என்று கையெழுத்துப் போட்டாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "நீ உள்ள போயிட்டா அந்தப் பதினெட்டாயிரம் யார் தருவா? முதலாளி கேக்கறாரு." அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசுவதெல்லாம் பணத்தைப் பற்றி மட்டும்தான். வேன் அன்றைக்கே சபரிமலைக்குப் போய்விட்டது.

சித்திரையில் ஒரு நாள் டியூபுக்குப் பஞ்சர் சொல்யூஷன் தடவும்போது சட்டென்று அதன் நெடி மூக்கில் ஏறியது. வாசனை திரும்பிவிட்டது. நான் அழுதேன். கடையை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலடியில் உட்கார்ந்து சொன்னேன். "அண்ணா, அன்னைக்கு எனக்கு வாசனையே தெரியலண்ணா. தெரியாமலே அடிக்குதுனு சொல்லிட்டேன்."

அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பிறகு இடது கையால் என் மூக்கின் மேலேயே ஓங்கி அறைந்தான். இன்னொன்று. இன்னொன்று. சட்டையில் ரத்தம் சொட்டியது. அண்ணி அடுப்படியிலிருந்து பார்த்தாள், தடுக்க வரவில்லை. நானும் முகத்தைத் திருப்பவில்லை. அவன் கை ஓய்ந்த பிறகு, கொண்டுபோன ஐநூறைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

வாரா வாரம் போகிறேன். வாசலில் என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டுவான். அடிக்கவா, வாங்கவா என்று முதலில் தெரியாது. இரண்டுக்கும் தயாராகத்தான் போகிறேன். முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தது இதுவரை ஆறாயிரத்து ஐநூறு. இன்னும் தர வேண்டியது பதினோராயிரத்து ஐநூறு ரூபாய்.