கிளாப் இல்லாமல் ஒரு ஷாட்

முள்ளுவைச் சினிமாவில் விதவிதமாகக் கொன்றிருக்கிறார்கள். ஒரு படத்தில் மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டார்கள். இன்னொரு படத்தில் சங்கிலியால் அடித்தே தீர்த்துக்கட்டினார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் காரணம்கூடச் சொல்லாமல் அடுத்த வாரமே பிணமாகக் காட்டிவிட்டார்கள். தலையின் இரண்டு பக்கமும் வழித்து, நடுமுடியை மட்டும் முள்முள்ளாக நிறுத்தி, கழுத்தில் பச்சை குத்திய ஒரு பெண்ணைப் பார்த்தால் இயக்குநர்களுக்கு வேறு யோசனையே ஓடாது போலிருக்கிறது. கைதி, திருடி, கடத்தல்காரனின் கையாள், இடைவேளைக்கு முன்னால் சாவு. அவள் அம்மா ஒன்று விடாமல் பார்ப்பாள். பார்த்துவிட்டு, இவளைப் பிழைக்க விட்டால் இவனுங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று பொருமிக்கொண்டே டீவியை அணைப்பாள்.

நடிப்பு முள்ளுவுக்கு உபதொழில்தான். அசல் தொழில் பாட்டு. அதைப் பாட்டு என்று யாராவது சொன்னால் அம்மாவே சண்டைக்கு வருவாள் என்பது வேறு விஷயம். பழைய டயர்கள் கூரைவரை அடுக்கிய ஒரு கிடங்கில் மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற பங்க் ராக் இசைக்குழு அது. டயர்கள் சத்தத்தை விழுங்கிவிடுவதால் அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போவதில்லை. முள்ளு கிடாரைப் போட்டு அடித்துக்கொண்டு கத்துவாள். பிரிட்ஜ் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் பேஸ் கிடார் வாசிப்பார். டிரம்ஸ் அவளுடைய தம்பி. ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். அதற்குள் வீட்டுக்காரர், முதலாளி, பேருந்து நிர்வாகம் எல்லோரையும் திட்டித் தீர்த்திருப்பாள்.

அந்தப் பாட்டுகள் தொடங்குவதில் ஒரு முறை உண்டு. தம்பி டிரம்ஸ் குச்சிகள் இரண்டையும் ஒன்றோடொன்று 'டக்' என்று தட்டுவான். தட்டிய மாத்திரத்தில் மூவரும் பாய்ந்துவிட வேண்டும். யோசித்தவன் தொலைந்தான். பள்ளிக்கூடத்தை விட்ட காலத்திலிருந்து முள்ளுவின் உடம்பில் ஊறிப்போன பழக்கம் இது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து கத்துவாள்.

அப்படிக் கத்துவதை ஒரு பெண் இயக்குநர் வந்து பார்த்தார். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, தன்னுடைய புதிய தொடரில் நடிக்க முடியுமா என்று கேட்டார். எப்போது சாக வேண்டும் என்று முள்ளு திருப்பிக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, நீங்கள்தான் கடைசிவரை இருக்கப்போகிறீர்கள் என்றார்.

மருத்துவமனையில் நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர் வேடம். நீலச் சீருடை, முடியை மறைக்கிற துணித் தொப்பி, பச்சை குத்தியதை மறைக்க உயரக் காலர். கட்டட வேலைக்குப் போன கணவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிடுகிறான். பள்ளியிலிருந்து வந்த மகளிடம் அவள் அதைச் சொல்ல வேண்டும். தொடர் நிற்பதும் விழுவதும் அந்தக் காட்சியில்தான் என்று இயக்குநர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். முள்ளு அந்தப் பக்கத்தைப் படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். லாரி ஓட்டிய அவளுடைய அப்பா, அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு விபத்தில் போய்விட்டார். அம்மா சலவைக்கடையில் நின்றே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். அப்பாவைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. நடப்பது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது என்று வசனமில்லாதவை எல்லாம் பிரச்சினையில்லாமல் போயின. வினை வந்தது அந்தப் பெரிய காட்சியில்தான். உதவி இயக்குநரான ஒரு பெண் கேமராவுக்கு முன்னால் பலகையைப் பிடித்து 'டக்' என்று கிளாப் அடித்தாள். இயக்குநர் "ஆக்‌ஷன்" என்று சொல்ல வாய் திறப்பதற்குள் முள்ளு பாய்ந்துவிட்டாள். பாய்ந்தாள் என்றால், கணவன் செத்த செய்தியை ஒரே மூச்சில் சொல்லி, மகளுக்கு ஆறுதலும் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே கதை. மனசுக்குள் நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தாள், ஆனால் சத்தம் கேட்டதும் மனசை யார் கேட்டார்கள்? மகளாக நடித்த சிறுமி, நாப்கின் கட்டிய வயதிலிருந்து விளம்பரங்களில் நடித்துப் பழம் தின்று கொட்டை போட்டவள், "ஆன்ட்டி, ஆக்‌ஷன் சொன்னப்புறம் பேசுங்க, அவ்வளவுதான்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முள்ளுவுக்கு மானம் போயிற்று.

தயாரிப்பாளர் வந்தார். கூடவே இன்னொரு நடிகையும் வந்தாள். அவளை நேராக ஒப்பனை அறைக்கு அனுப்பினார்கள். சற்று நேரத்தில் கதவு திறந்தபோது முள்ளு பார்த்தாள்: அதே நீலச் சீருடை, அதே தொப்பி, கையில் டீ. முள்ளுவுக்குப் பதிலாகத்தான் அவளை வரவழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு தடவை என்று இயக்குநர் தயாரிப்பாளரிடம் கெஞ்சி வாங்கியிருந்தார்.

முள்ளு சாப்பிடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"சினிமால சாகறது எவ்வளவோ சுலபம்டா. இது என்னால ஆகாது போலிருக்கு. அந்தச் சத்தம் கேட்டா உடம்பு தானா கிளம்பிடுது."

தம்பி முதலில் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலை மாற்றிக்கொண்டான். "அப்ப அதை அடிக்காம எடுக்கச் சொல்லேன்க்கா. கேக்கறதுல என்ன இருக்கு?"

கேட்டாள். கிளாப் அடித்த அந்த உதவி இயக்குநர், முடியுமே என்றாள். ஷாட் முடிந்தபிறகு பலகையைத் தலைகீழாகப் பிடித்துக் கிளாப் அடிக்கலாம், கைக்குழந்தையையோ நாய்க்குட்டியையோ வைத்து எடுக்கும்போது அப்படித்தான் செய்வார்கள், சத்தத்துக்கு மிரண்டுவிடும் இல்லையா என்று விளக்கினாள். முள்ளு நாய்க்குட்டி வரிசையில் சேர ஒப்புக்கொண்டாள்.

கட்டிலில் துவைத்த துணிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். முள்ளு அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிறுமி தரையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். கேமரா ஓடத் தொடங்கியதும் இயக்குநர் மெதுவாக, "நீங்க எப்ப தயாரோ, அப்ப" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. தட்டுவதற்கு யாருமில்லை. தானாகவே ஒன்றைத் தொடங்க வேண்டிய நிலைமை முள்ளுவுக்கு வாழ்க்கையில் வந்ததேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விழித்தாள். சொல்ல வேண்டியது பயங்கரமான விஷயம், சொல்லிவிட்டால் பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அப்பா போன அன்று சாயங்காலம் அம்மா இப்படித்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் சட்டை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். முள்ளுவின் கை தானாக ஒரு துண்டை எடுத்தது. மடித்தாள். பிரித்தாள். ஓரம் ஒட்டவில்லை என்பதுபோல் மறுபடி மடித்தாள். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் அசையவில்லை. அனுபவசாலியான அந்தச் சிறுமி பென்சிலை நோட்டில் வைத்தபடி எழுதாமல் இருந்தாள்.

பிறகு முள்ளு பேசினாள். மெல்லிய குரலில், இடையிடையே நிறுத்தி, ஒரு வசனத்தை முழுதாக விட்டுவிட்டுப் பேசினாள். விட்டதை யாரும் கேட்கவில்லை.

முடிந்ததும் உதவி இயக்குநர் பலகையைத் தலைகீழாகப் பிடித்து 'டக்' என்று அடித்தாள். அவ்வளவுதான், முள்ளு முதல் வரியிலிருந்து படபடவென்று ஆரம்பித்துவிட்டாள். இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், முள்ளுவும் கண்ணீரோடு சிரித்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த இன்னொரு நீலச் சீருடை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நல்லா பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள். நல்ல மனசுக்காரி.

அந்த வாரமே டயர் கிடங்கில் தம்பி குச்சியைத் தட்ட, முள்ளு வழக்கம்போலப் பாய்ந்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

தொடர் ஒளிபரப்பான அன்று அம்மா, முள்ளு, தம்பி மூவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் அம்மா, திரையில் அந்தத் துண்டு மடிபடத் தொடங்கியதிலிருந்து பேசவில்லை. விளம்பரம் வந்ததும் டீவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அன்னிக்கு நீ பாடம் எழுதிட்டுல்ல இருந்தே?"

"எழுதற மாதிரி இருந்தேன்மா. ஸ்கூல் வாசல்லயே யாரோ பேசிக்கிட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும்."

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது. அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தாள். கோபமா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில் கேட்டாள்:

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"நீ ஆரம்பிப்பேன்னு பாத்துட்டு இருந்தேன்."

"நான் நீ கேப்பேன்னுல்லடி பாத்துட்டு இருந்தேன்."

விளம்பரம் முடிந்து தொடர் மறுபடி ஓடியது. யாரும் சத்தத்தைக் கூட்டவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். யார் முதலில் தொடங்கியது என்று பிறகு கேட்டால் தம்பிக்குக்கூடச் சொல்லத் தெரியவில்லை.